வளவுப் பயறு சரிவரவில்லையா? குறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டு வளவில் பயறு, உளுந்து, கௌபி போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செடியில் ஏதாவது கோளாறு தெரிந்தால் கடைக்குப் போய் "அடிக்க ஒன்று தாங்க" என்று கேட்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தப் பயிர்களுக்கு இங்கே வரும் தொல்லைகளில் பல, பூச்சியால் வருவதே இல்லை. தண்ணீராலும் மண்ணாலும் விதைத்த மாதத்தாலும் வருகின்றன. அவற்றுக்கு மருந்து அடித்தால் காசு போகும், பொறிவண்டும் தேனீயும் சாகும், செடி அப்படியேதான் இருக்கும்.

ஆகவே எந்தக் குறி தெரிந்தாலும் முதலில் ஒரு செடியைப் பலி கொடுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் சிறுவேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, வேரைப் பாருங்கள். அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பார்வையை வைத்துத்தான்.

கடையில் வாங்கிய பருப்பைப் போட்டேன், ஒன்றுமே முளைக்கவில்லை

2022 இல் பருப்பு விலை ஏறியபோது பலர் செய்து பார்த்தது இது. நாம் கறிக்கு வாங்கும் சிவப்பு மைசூர் பருப்பு தோல் நீக்கி இரண்டாக உடைத்தது. உடைக்கும்போதே முளை சிதைந்துவிடுகிறது. எந்த மண்ணில் போட்டாலும் அது அழுகத்தான் செய்யும்.

சரி, தோலோடு முழுதாக இருக்கும் மைசூர் பருப்பு கிடைத்தால்? அது முளைக்கும். ஒரு சாண் உயரம்கூட வரும். ஆனால் அது குளிர்காலப் பயிர். கனடா, அவுஸ்திரேலியா, துருக்கி, வட இந்தியாவின் குளிர்காலம், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். நமக்கு வருவதும் பெரும்பாலும் கனடா, அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில்தான். நம் கரையோரத்தில் மார்கழி, தை இரவுகளில்கூட அதற்குப் போதிய குளிர் இல்லை. பூக்கும் நேரத்தில் வெயில் அடித்தால் காய் பிடிக்காது. அதோடு மல்லுக்கட்டுவதை விட்டு, நம் சூட்டுக்கென்றே ஆன பயறு, உளுந்து, கௌபி, கொள்ளு இவற்றில் ஒன்றைப் போடுங்கள். வேலியோரம் இடம் இருந்தால் துவரை. அது ஆளுயரம் தாண்டி வளரும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் ஒருமுறை வேர் பிடித்தால் வரட்சியை இவை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும்.

பயறுதான் போட்டேன், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் முளைத்தது

முதலில் விதையைச் சந்தேகியுங்கள். 20 மணியை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நாளில் 16, 17 முளைத்தால் விதை நல்லது, பிழை மண்ணில்தான். பத்துக்குக் கீழே என்றால் அந்த விதையை அவித்துச் சாப்பிட்டுவிட்டு வேறு விதை தேடுங்கள். கடைப் பயறு எத்தனை காலம் மூட்டையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட விவசாயத் திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ. 5, எம்.ஐ. 6 போன்ற இனங்களின் விதையைக் கேட்டு வாங்குவது நல்லது. 55 முதல் 65 நாளில் காய் பழுத்துவிடும், பெரும்பாலான காய்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பழுப்பதால் பறிப்பதும் லேசு.

விதை நல்லதென்றால் ஆழத்தைப் பாருங்கள். 2 முதல் 3 சென்ரிமீற்றர் போதும். படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, வெல்லாவெளி போன்ற இடங்களில் மண் களி கலந்தது. விதைத்த அன்று ஒரு மழை அடித்து மறுநாள் வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடுபோல இறுகிவிடும். முளை அதற்குக் கீழே மடங்கிக் கிடக்கும். விரலால் மண்ணைக் கிளறினால் வளைந்த வெள்ளை முளை தெரியும். அப்படியானால் பூவாளியால் லேசாக நனைத்து, மேல்மண்ணை உடைத்துவிட்டால் எழும்பும்.

கிளறும்போது விதையே இல்லையா? எறும்பும் புறாவும் கோழியும் கொண்டுபோயிருக்கும். அம்பாறை உட்பக்கத்தில் மயிலும் சேரும். முளை வந்து இரண்டு இலை விரியும் வரை கிடுகால் மூடி வைப்பது பழைய வழி, இன்றும் அதைவிட நல்லது கிடையாது. விதை இருக்கிறது, ஆனால் கூழாகிவிட்டது என்றால் தண்ணீர் கூடிவிட்டது. மாரி மழைக்குள் விதைத்தவர்களுக்கு இதுதான் நடக்கும். உயர்த்திய பாத்தியில் போடுங்கள், விதையை இரவு முழுக்க ஊறவைத்துப் போடாதீர்கள்.

நன்றாக முளைத்தது, மறுகா ஒவ்வொன்றாக வாடிச் சாகிறது

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது. உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்ற வேண்டாம். அடித்தண்டைப் பாருங்கள்.

தண்டு மண்ணோடு சேரும் இடம் வீங்கி, வெடித்து, நகத்தால் தோலைக் கீறினால் உள்ளே அரிசியைவிடச் சிறிய மண்ணிறக் கூட்டுப்புழு இருக்கிறதா? அது போஞ்சி ஈயின் வேலை. ஒரு கறுப்பு மினுமினுப்பான சின்ன ஈ, இரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும், செடியின் முதல் இலைகளில் முட்டை வைக்கும். புழு இலையிலிருந்து காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி அடிவரை போகும். முளைத்து முதல் நான்கு கிழமைக்குள்தான் இதன் ஆட்டம். முதல் இலைகளின் மேல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் ஈ வந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்டு வீங்கிய பிறகு மேலே எதை அடித்தாலும் புழுவுக்கு எட்டாது. இப்போது செய்யக்கூடியது இரண்டு. சாகப்போகும் செடிகளை எடுத்து எரித்துவிடுங்கள். கூட்டெருக் குவியலில் போட்டால் கூட்டுக்குள் இருக்கும் ஈ வெளியே வந்து மிச்சத்தையும் பார்க்கும். பாதி நோயில் நிற்கும் செடிகளுக்கு இரண்டு விரல் உயரத்துக்கு மண் அணையுங்கள். வீங்கிய இடத்துக்கு மேலே புதுவேர் விட்டுப் பல செடிகள் பிழைத்துக்கொள்ளும். மண் அணைப்பது சும்மா ஒரு வேலை என்று நினைக்கிறவர்கள், அணைத்த வரிசையையும் அணைக்காத வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்புவார்கள்.

அடுத்த முறைக்கு: விதைத்தவுடன் பாத்தியில் வைக்கல் பரப்புங்கள், குழிக்கு இரண்டு விதை போட்டு இரண்டு கிழமை கழித்து நோஞ்சான் செடியை எடுத்துவிடுங்கள். அயலில் எல்லோரும் போட்டு முடிந்தபின் தனியாகப் பிந்திப் போடாதீர்கள். பிந்திய பாத்திக்குத்தான் ஈ குவியும்.

தண்டுக்குள் புழு இல்லை, ஆனால் அடியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதில் கடுகு மாதிரி மண்ணிற உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது அடித்தண்டு அழுகல், பூஞ்சணம். மழையும் சூடும் சேர்ந்த நாட்களில் வரும். செடியை மட்டும் எடுத்தால் போதாது, அந்தக் கடுகுகள் மண்ணில் காலக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு சட்டி மண்ணோடு சேர்த்து அள்ளி அகற்றுங்கள். உக்காத இலைகுழையைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். அந்த இடத்தில் அடுத்த போகம் நிலக்கடலையும் வேண்டாம், அதற்கும் இதே நோய் பிடிக்கும்.

தண்டு துண்டாக அறுந்து கிடந்தால் இரவில் ரோச் லைட்டோடு போய்ப் பாருங்கள். மாரிக் காலத்தில் பெரும்பாலும் ஆபிரிக்க நத்தையாக இருக்கும். கையால் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் வழி. பாத்திக்குப் பக்கத்தில் உப்பைத் தூவிவிடாதீர்கள்.

இலை மஞ்சளாகிறது

"மஞ்சள்" என்று மட்டும் சொன்னால் காரணம் சொல்ல முடியாது. எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று பார்க்க வேண்டும்.

*அடி இலைகள் முழுக்க ஒரே சீராக வெளிறி மஞ்சளாகின்றன.* தழைச்சத்து போதவில்லை. பயறு வகை தன் தழைச்சத்தைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அதைச் செய்வது வேரில் இருக்கும் முடிச்சுக்குள் வாழும் பற்றீரியா. தோண்டி எடுத்த வேரில் அந்த முடிச்சைத் தேடுங்கள். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு அல்லது இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் அது வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, மூன்று கிழமைக்கும் குறைந்த செடியில் அது சாதாரணம். பச்சை அல்லது சாம்பல் நிறம் என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது, காய் முற்றும்போது அதுவும் சாதாரணம்.

முடிச்சே இல்லை, மண் சொதசொதவென்று இருக்கிறது என்றால் வேருக்குக் காற்று இல்லை. வடிகால் வெட்டுங்கள், வேறெதுவும் தேவையில்லை. மண் நன்றாக வடிகிறது, முடிச்சு இல்லை என்றால் யூரியா போட்டிருப்பீர்கள். யூரியாவிலிருந்து தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி முடிச்சு கட்டாது. இரண்டும் இல்லையென்றால், அயலில் நன்றாக விளைந்த கௌபிப் பாத்தியிலிருந்து இரண்டு கைப்பிடி மண் வாங்கி வந்து உங்கள் பாத்தியில் கலந்துவிடுங்கள். பயறு, உளுந்து, கௌபி மூன்றுக்கும் ஒரே இன பற்றீரியாக் கூட்டம்தான் பொருந்தும். அந்தப் பாத்தியில் வேர் வீக்கமோ அழுகலோ இல்லை என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*வேரில் உருண்டைகள் நிறைய, ஆனாலும் செடி மஞ்சள், குட்டை.* அந்த உருண்டைகளைத் திரும்பப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் கழன்று விழும். வேரே வீங்கி, தட்டினாலும் கழராமல், மணி கோத்ததுபோல இருந்தால் அது வட்டப்புழு, வேருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. கரையோர மணலில் கத்தரி, தக்காளி, வெண்டி தொடர்ந்து போட்ட பாத்திகளில் இது சர்வசாதாரணம். மருந்து தேடாதீர்கள். வேரை மண்ணில் விடாமல் எடுத்து எரித்து, வரண்ட மாதங்களில் மண்ணைப் புரட்டிப் புரட்டி வெயில் காட்டுங்கள். நிறையக் கூட்டெரு போடுங்கள். அடுத்த போகம் அந்த இடத்தில் நிலக்கடலை வைத்தால் இந்தப் புழுவின் பொதுவான இனங்களுக்கு அதில் பெருக வழி இல்லை. மேலே சொன்ன வெள்ளைப் பஞ்சு அழுகல் அதே பாத்தியில் இருந்தால் மட்டும் நிலக்கடலையை விட்டு, மண்ணை வெறுமனே காயவிடுங்கள்.

*நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.* இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த கடற்கரை மணலில் அது கரையாமல் பூட்டிக் கிடக்கிறது. இந்த மண்ணில் அடுப்புச் சாம்பல் போடுவதை நிறுத்துங்கள், சாம்பல் அந்தப் பூட்டை இன்னும் இறுக்கும். சாம்பல் எல்லாச் செடிக்கும் நல்லது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. உட்பக்கத்துப் புளிப்பு மண்ணுக்கு அது சரி, சிப்பி மணலுக்குச் சரிவராது. நன்றாக உக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் மட்டும் போடுங்கள்.

*பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த இலை.* இதுதான் பயறையும் உளுந்தையும் பிடிக்கும் மஞ்சள் வைரஸ். தூரத்திலிருந்தே தெரியும். வெண் ஈ பரப்புகிறது. செடியை ஆட்டினால் இலையின் கீழிருந்து வெள்ளைத் தூசிபோல் பறப்பது அதுதான். நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது, எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் கிடையாது. முதல் ஒன்றிரண்டு செடியில் கண்ட அன்றே எடுத்துவிட்டால் பாத்தி தப்பும். பாத்தியில் பாதி மஞ்சளாகும் வரை "பார்ப்போம்" என்று இருந்தால் மிச்சமும் போகும். எடுத்தபின் மிஞ்சிய செடிகளின் இலை அடிப்பக்கத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். 50 கிராம் இடித்த வேப்பம் பருப்பை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சில துளி சவர்க்காரத் தண்ணீர் சேர்த்து, மாலையில். வெண் ஈ வரட்சியில்தான் பெருகும். ஆகவே வரட்சியில் பயறு, உளுந்தைவிடக் கௌபி போடுவது புத்திசாலித்தனம். வருடாவருடம் இதே நோய் வருகிற இடமென்றால், உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டி, தாங்கும் இனம் எது என்று கேளுங்கள். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் திணைக்களத்திடம் கேட்கலாம்.

இலை ஓரம் கருகி, சுருண்டு, செடி குட்டையாக நிற்கிறது

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரமாக இருக்கிறவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்: கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டது. கோடையில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாலே பிடிபடும். பாத்தி ஓரத்தில் வெள்ளைப் படிவு, காய்ந்த பூவாளியில் வெண்கறை, இவையும் சாட்சி. பயறும் உளுந்தும் உப்பைத் தாங்கவே மாட்டா. கௌபி ஓரளவு தாங்கும்.

நம் மணல் மேட்டுக்குள் மழைத் தண்ணீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாகத்தான் நிற்கிறது. மோட்டரைப் போட்டு மணிக்கணக்கில் இறைத்தால் நல்ல தண்ணீர் தீர்ந்து உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்யும்போதும் அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று எச்சரித்தது இதனால்தான். வாளியால் அள்ளுங்கள், அல்லது மோட்டரைக் கொஞ்ச நேரம் விட்டு நிறுத்துங்கள்.

ஊற்றும் முறையையும் மாற்றுங்கள். உவர்த் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் வேரில் சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மாலையில், இலையில் படாமல், வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நன்றாக ஊற்றுங்கள். கூட்டெருவும் உக்கிய தும்புத்தூளும் மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தும்புத்தூளைப் போடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். இத்தனைக்கும் மேலே சிறந்த வழி, கோடைத் தண்ணீரை நம்பாத மாதத்தில் விதைப்பது. மாரி மழை மண்ணிலிருக்கும் உப்பைக் கழுவிவிட்டுப் போனபின், தை மாதம் விதைத்தால் மண்ணில் தேங்கிய ஈரத்திலேயே பயறு பாதி வளர்ந்துவிடும்.

செடி தளதளவென்று இருக்கிறது, பூ இல்லை

யூரியா அல்லது கோழி எரு கூடிவிட்டது. அல்லது நிழல். மாவுக்கும் தென்னைக்கும் கீழே இலை வரும், காய் வராது. நாளில் ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழாத இடத்தில் பயறு வைக்க வேண்டாம். நெருக்கமும் ஒரு காரணம். வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர் விடுங்கள், கௌபிக்கு இன்னும் கொஞ்சம் கூட. செடியைப் பிடுங்க மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எல்லாமே இலையாக நிற்கும்.

பூக்கிறது, உதிர்கிறது

ஆனி, ஆடியில் என்றால் கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் மலையிலும் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. அது ஒரு பிற்பகல் அடித்தாலே காலையில் விரிந்த பூ உதிர்ந்துவிடும். பூக்கும் நாட்களில் ஒரு நேரத் தண்ணீரைக்கூடத் தவறவிடாதீர்கள், பயறின் 60 நாளில் மிக முக்கியமான தண்ணீர் அதுதான். காற்று வரும் மேற்குப் பக்கம் சோளன் இரண்டு வரிசை அல்லது கிடுகு மறைப்பு வையுங்கள். வைக்கல் மூடாக்கும் போடுங்கள்.

காற்றில்லை, ஆனால் பூக்கள் நூலால் பின்னியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் எச்சமும் புழுவும் இருக்கிறதென்றால் பூவும் காயும் துளைக்கும் புழு. கௌபியில் இது கொடுமையாக வரும். வளவு அளவுக்கு கைதான் சிறந்த ஆயுதம்: இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒட்டிய பூங்கொத்துகளைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் புழு பூவுக்குள் போகும் முன் அடித்தால்தான் பயன், அதுவும் தேனீ திரும்பிப்போன மாலையில்.

நுனியிலும் காய்க்காம்பிலும் கறுப்புப் பூச்சி மொய்க்கிறது

அழுக்கணவன். கௌபிக்கும் பயற்றங்காய்க்கும் இது உறவுக்காரர் மாதிரி, வராமல் இருக்காது. தண்ணீரைப் பீச்சி அடித்தால் பெரும்பகுதி விழுந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல். ஏறி இறங்கும் எறும்பை நிறுத்துவது பூச்சியைக் கொல்வதைவிட முக்கியம், ஏனென்றால் எறும்புதான் அதற்குக் காவல். சிவப்புப் பொறிவண்டும், முதலைக் குட்டி போன்ற அதன் புழுவும் தெரிந்தால் எதையும் அடிக்காதீர்கள். ஒரு கிழமை பொறுங்கள்.

இலையில் மா பூசியது போல் வெள்ளை

மழை ஓய்ந்து, பகல் வெயிலும் இரவுப் பனியுமாக இருக்கும் தை, மாசியில் வரும் சாம்பல் நோய். காய் முற்றத் தொடங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், அது பிந்தி வந்து பெரிதாக எதையும் கெடுக்காது. பூப்பதற்கு முன்னே வந்தால் பிடித்த இலைகளை அகற்றி, நெருக்கத்தைக் கலைத்து, தேவையானால் நனையும் கந்தகத்தூளைப் பொதியில் சொன்ன அளவில் அடிக்கலாம். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும்.

காய் நீளமாக இருக்கிறது, உள்ளே மணி சூம்பி இருக்கிறது

வெளியே ஓட்டை இருந்தால் துளைப்பான் புழு, மேலே சொன்னதுதான். ஓட்டை இல்லாமல், காய்த்தோலில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளியும், உள்ளே சுருங்கிய மணியும் என்றால் காயை உறிஞ்சும் மூட்டுப்பூச்சி. ஒடுங்கிய மண்ணிற உடம்பு, தடித்த பின்னங்கால். குஞ்சுகள் பார்க்க எறும்பு மாதிரியே இருப்பதால் பலர் எறும்பென்று விட்டுவிடுவார்கள். பகலில் கிட்டப் போனாலே பறந்துவிடும். விடியற்காலை பனி ஈரத்தில் மந்தமாக இருக்கும்போது செடியைச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டினால் விழும். காய் கட்டத் தொடங்கியதிலிருந்து இதைத் தினமும் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சந்தோசமாகச் செய்வார்கள்.

பூச்சியே இல்லை, எல்லாக் காயிலும் நுனிப்பக்க மணிகள்தான் சூம்பியிருக்கின்றன என்றால் காய் நிரம்பும்போது தண்ணீர் குறைந்திருக்கிறது.

விளைச்சல் குறைவு என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். வயலிலேயே ஹெக்டேயருக்கு ஒரு தொன் பயறு என்பது மோசமான விளைச்சல் அல்ல. அந்தக் கணக்கில் 10 சதுர மீற்றர் பாத்திக்கு ஒரு கிலோ. உங்களுக்கு அது கிடைத்திருந்தால் செடியில் கோளாறு எதுவும் இல்லை. கூட வேண்டுமென்றால் பாத்தியைப் பெரிதாக்குங்கள், அவ்வளவுதான்.

காய் செடியிலேயே முளைக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது

விதைத்த மாதம் பிழை. நம் பக்கத்து வருட மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டுகிறது. ஐப்பசியில் பயறு போட்டால் சரியாக மார்கழி அடைமழையில் காய் பழுக்கும். பழுத்த காய் இரண்டு நாள் நனைந்தாலே உள்ளே மணி முளைவிடும். தை மாதம் விதைத்தால் பங்குனி வெயிலில் காய் எடுக்கலாம். வயல் வைத்திருக்கிறவர்கள் பெரும்போக வெள்ளாமை வெட்டியதும் சிறுபோகத்துக்கு முன் இடைப்போகமாகப் பயறு போடுவதும் இதே காரணத்தால்தான்: வயலில் மிச்ச ஈரம் இருக்கும், காய் பழுக்கும்போது மழை இருக்காது.

இப்போதே காய் நனைந்துகொண்டிருக்கிறது என்றால் முழுதும் கறுக்கும் வரை நிற்காதீர்கள். நிறம் மாறத் தொடங்கியவற்றையும் பறித்து, வீட்டுக்குள் பாயில் பரப்பி, காற்றில் காயவிடுங்கள். குவித்து வைத்தால் ஒரே இரவில் புழுங்கிவிடும்.

போத்தலில் போட்ட பயறில் வண்டும் ஓட்டையும்

போத்தலுக்குள் வண்டு எப்படிப் போனது என்று கேட்கிறார்கள். அது போகவில்லை, தோட்டத்திலிருந்தே வந்தது. பயறு வண்டு முற்றிய காயிலேயே முட்டை ஒட்டும், புழு நேரே மணிக்குள் இறங்கிவிடும். ஓட்டை தெரிகிறபோது ஒரு தலைமுறை வெளியே வந்து, மற்ற மணிகளில் வெள்ளைப் புள்ளியாக முட்டை வைத்தாயிற்று. நம் சூட்டில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

பழுத்த காயைச் செடியில் நாட்கணக்கில் விடாமல் உடனுக்குடன் பறிப்பதுதான் முதல் காப்பு. அடித்து எடுத்த மணியைப் பல்லால் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை காயவையுங்கள், பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. சமையலுக்கு வைத்திருப்பதை ஒரு கிழமை குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஐஸ் அறை இல்லாத வீட்டில் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் மினுக்கம் தெரியும்படி பிசறி, வாய் இறுக மூடும் போத்தலில் நிறைய நிரப்புங்கள். எண்ணெய் பூசிய மணியில் வண்டின் முட்டை பிழைக்காது. விதைக்கு வைப்பதையும் இப்படியே வைக்கலாம், முளைப்புக் கெடாது. ஏற்கெனவே ஓட்டை விழுந்தவற்றைச் சலித்து எடுத்துக் கோழிக்குப் போடுங்கள், நல்ல பயறோடு சேர்த்துத் திரும்பப் போத்தலில் போடாதீர்கள்.